ஏழெட்டு எவ்வளவு?

இன்று எங்கள் ஊர் காஜா பெராங்கின் மளிகைக்கடையில் ஓர் அம்மையார் குமுறினார்: "பையனைக் கணக்குல கடைசி வகுப்புக்குத் தள்ளிட்டாங்க, ஐயா! மானமே போச்சு!"

எனக்கு என் பள்ளிக்கூட நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஜப்பானியர் ஆட்சியில், கணக்கில் வல்ல மாணவர்களைச் போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்வதாகப் பேச்சு. அதிகாரி வந்த அன்று, ஆசிரியர் கணக்கில் கெட்டிக்காரர்களான எங்கள் அனைவரையும் கடைசிப் பிரிவில் அமர்த்திவிட்டார்.

அதிகாரி என்னை எழுப்பினார். "ஏழெட்டு எவ்வளவு?"

வாய்ப்பாடு நாநுனியில் துடித்தது. 'கலைமகளே, இக்கணம் மட்டும் என் நாவை விட்டு நீங்கியிரு' என்று வேண்டிக்கொண்டு, "ஐம்பத்துநான்கு" என்றேன்.

"பாக்கேரோ!" முட்டாள் என்று தன் மொழியில் திட்டி, தலையில் குட்டிவிட்டுப் போனார்.

இன்று கடையில் அந்த அம்மையாருக்கு வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

ஏழெட்டு ஐம்பத்தாறு. இதை எழுதுமுன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். உங்களுக்கும் அப்படியொரு கணக்கு உண்டா?