கிராஃபன்ஹால்ட்டின் பூர்வீகம்

காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது அவருடைய வேலை. கடை எரிந்து நிற்கிறவரிடமே, தீக்குச்சி எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேட்கக்கூடிய ஆள். சொந்தக்காரர்கள் அவருக்குத் 'துருவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

மகள் பியானோ கற்கத் தொடங்கியதும் குடும்பத்தோடு கடைக்குப் போனார். கையைக் கடிக்காத விலையில் ஒன்று இருந்தது. மூடியில் பொன்னெழுத்தில் 'கிராஃபன்ஹால்ட்'. யாரும் கேள்விப்படாத பெயர்.

"ஜெர்மன் பரம்பரை சார்," என்றார் கடைக்காரர்.

"எந்த ஊரு? யாரு ஆரம்பிச்சது?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். துருவிக்கு அது போதும். மகள் வாசிக்க உட்கார, அவர் டார்ச்சோடு பியானோவுக்கு அடியில் புகுந்தார்.

"பொண்ணு எவ்வளவு நல்லா வாசிக்கிறா, கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. மரத்தைப் பார்த்துட்டிருக்கேன்," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அதன்பின் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இணையத்தில் ஒருவர், அது தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் செய்துவருவது என்று உருகி உருகி எழுதியிருந்தார். துருவிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு அந்த ஒருவரையும் துருவினார்: அதே பியானோவை விற்கிற ஏஜென்ட். கடைசியில் உண்மை பிடிபட்டது. கிராஃபன்ஹால்ட் என்று மனிதனும் இல்லை, ஊரும் இல்லை. துணி அலமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்று பியானோவில் இறங்கி, கம்பீரமாக இருக்கட்டும் என்று சூட்டிய பெயர்.

"அலமாரிக்காரன் செஞ்சதையா என் பொண்ணு வாசிக்கணும்?"

"சத்தம் நல்லா இருக்குப்பா," என்றாள் மகள்.

"சத்தம் யாருக்கு வேணும்? பூர்வீகம் வேணாமா?"

பூர்வீகம் உள்ளதாகவே வாங்கினார். பழையது, ஆனால் உலகமே அறிந்த பெயர், அதற்கேற்ற விலை. வீட்டுக்கு வந்த மறுவாரமே பாதிக் கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்கவில்லை. எழுந்தவை அபஸ்வரம் பாடின. சரிசெய்ய வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒலிப்பலகையில் நெடுக விரிசல்.

"வாங்கறதுக்கு முன்னாடி உள்ளே பார்க்கலையா சார்?"

"இந்தக் கம்பெனியைப் போய் சந்தேகப்படறதா?" துருவிக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டது.

அந்தக் கிராஃபன்ஹால்ட்டை மாடிவீட்டுப் பல் மருத்துவர் வாங்கிவிட்டார். எந்த நாட்டுச் சரக்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. "சும்மாதான் கிடக்கு. நீ தினமும் வந்து வாசிம்மா," என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் துருவி வீட்டுக்கு யார் வந்தாலும், கூடத்துப் பியானோவின் குலவரலாறு கேட்காமல் தப்ப முடியாது. நிறுவனரின் மாமனார் வரைக்கும் வரும். மேலே யாரோ இனிமையாக வாசிக்கிறார்களே என்று விருந்தாளி காதைத் தீட்டினால், அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். மனைவி பின்னாலேயே போய்த் திறந்துவைப்பாள்.