சிவப்புக் கார்டுக்கு மாரிக்கண்ணன் கொடுத்த வாக்கு

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கேம் ஆடுகிற இளவட்டங்கள் கம்ப்யூட்டருக்குத் திரையில் படம் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைத்தால் முதலில் தேடுவது மாரிக்கண்ணனைத்தான். பாளையம்பட்டியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதி இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பான். திருச்சுழிப் பக்கத்துக் காட்டுப் பிள்ளை. மிளகாயும் பருத்தியும் போடுகிற அவன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். அவன் அப்பா இருளப்பசாமி, "எம் மகன் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குறான்" என்று டீக்கடையில் காலை நீட்டிக்கொண்டு சொல்வார். அந்த வைத்தியன் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது அவருக்குத் தெரியாது.

புதுக் கார்டைச் சொருகிப் பொத்தானை அமுக்கினால் திரையில் படம் வரச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடிக்குள் மாரிக்கண்ணன் கும்பிடாத சாமி கிடையாது. கரண்டு நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிற சீமை. வந்தாலும் ஒரு நேரம் அழுது வடியும், ஒரு நேரம் பொங்கிக்கொண்டு வரும். சொருகியிருப்பதோ அடுத்தவன் பொருள். அவனிடம் சரக்கு கிடையாது. மதுரையிலிருந்து வாங்கிவந்து மாட்டிக்கொடுப்பதோடு சரி. கடையில் அவன் விற்பது தன் சொல் ஒன்றைத்தான். அது ஒரு தடவை பொய்த்துவிட்டால், மேசையை மடக்கிக்கொண்டு மிளகாய்க் காட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

சௌந்தர் வீட்டு வேலை வந்தபோது அந்தப் பயம் இரண்டு மடங்கானது. சௌந்தரின் அப்பா சென்னய்யா அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்திருப்பவர். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். மகன் ஆசைப்பட்டதோ விலை கூடின பெரிய கார்டு. ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பரா, ரேடியான் 7900 எக்ஸ்டிஎக்ஸா என்பதுதான் கேள்வி. கம்பெனி நிறத்தை வைத்து, பையன்கள் பேச்சில் முன்னது பச்சை, பின்னது சிவப்பு.

மாரிக்கண்ணன் சிவப்பைச் சொன்னான். பச்சைக்கு வக்காலத்து வாங்க அய்யப்பன் வந்திருந்தான். சௌந்தருக்கு மாமன் மகன். மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கல்லூரியில் மாரிக்கண்ணனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன். வீட்டில் பச்சைக் கார்டு வைத்திருந்தான். அதனால் குரலும் கொஞ்சம் உசந்தே இருந்தது.

"ஏலே மாரி, ரே ட்ரேசிங்குன்னு ஒண்ணு இருக்கு, தெரியும்ல? கேமுல தண்ணி கெடந்தா அதுல வானம் தெரியணும். வெளிச்சம் செவுத்துல பட்டுத் திரும்பணும். அதுல ஒன் சேப்பு, பச்சை பக்கத்துல நிக்குமாடா?"

"தண்ணிக்குள்ள வானத்தப் பாக்கவா இம்புட்டுக் காசு? கம்மாக் கரையில போயி நின்னு பாருலே."

"கம்மாயில தண்ணி கெடந்தா நான் எதுக்குடா கேமுல பாக்கப்போறேன்?"

சௌந்தர் விழுந்து விழுந்து சிரித்தான். மாரிக்கண்ணன் விடவில்லை.

"ரே ட்ரேசிங்குல பச்சைதான் ஒசத்தி, நான் இல்லேங்கல. அதப் போடாம ஆடுற கேமு எத்தன இருக்கு? அதுல எல்லாம் சேப்பு சமமா ஓடும், சிலதுல ஒரு எட்டு முன்னாலயே ஓடும். சேப்புல மெமரி இருவத்திநாலு ஜிபி, பச்சையில பதினாறு. நாலு வருசம் கழிச்சு வர்ற கேமு கேக்குற தீனிக்கு எது தாங்கும்? வெலயும் கொறச்சல்."

"கரண்டு? அது குடிக்கிற கரண்டச் சொல்லு பாப்போம்."

"கூடத்தான் குடிக்கும். மாடு பெருசா இருந்தா தண்ணி கூடக் குடிக்கத்தான் செய்யும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நூல் கோன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த சென்னய்யா, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, எனக்கு இந்தப் பச்சை சேப்பெல்லாம் தெரியாது. எத வாங்குனா வம்பு பண்ணாம ஓடும்? ஒன் வாக்குக்குத்தான் வாங்குறேன்."

அய்யப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீம்பில் மாரிக்கண்ணனின் வாய் அவனை முந்திக்கொண்டது.

"சேப்பு வாங்குங்கய்யா. நான் பொறுப்பு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. எடுத்துவிட்ட சொல்லைத் திருப்பி வைக்க ஏது இடம்?

கார்டு வந்தது, மாட்டினான், ஓடியது. அய்யப்பன் மட்டும் ஆறவில்லை. "விஜயதசமிக்கு எனக்கு லீவு. எங் கம்ப்யூட்டர் பெட்டியத் தூக்கிட்டு வாரேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாத்துருவோம்" என்று சவால் விட்டுப் போனான். தெரு முழுக்கச் செய்தி பரவியது.

விஜயதசமி அன்று காலையில் மாரிக்கண்ணன் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. சௌந்தரின் குரல் உடைந்திருந்தது.

"மாரியண்ணே, பெட்டி செத்துப்போச்சுண்ணே. அமுக்குனா ஒரு மினுக்கு மினுக்கி அமந்துருது. அப்பா உங்களக் கேக்குறாக."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவன் நின்றுகொண்டே போனான். பவர் சப்ளையா? போர்டா? கார்டேதானா? கார்டாக மட்டும் இருக்கக்கூடாது. "சேப்பு வாங்குங்கன்னு சொன்ன பய" என்று நாளைக்கு வீரசோழன் ஊர் வரைக்கும் பேர் போய்விடும். அப்பா டீக்கடைப் பக்கம் எந்த முகத்தோடு போவார்?

சென்னய்யா வீட்டில் தறிச்சத்தம் காதை அடைத்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு நிறுத்திய தறிகளை அன்று காலையில்தான் ஓட்டிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு தறியிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. உள் அறையில் அய்யப்பனின் பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மழைத் தெருவும் தண்ணீருக்குள் வானமும். பக்கத்தில் சிவப்புக் கார்டுப் பெட்டி இருட்டாகக் கிடந்தது. தெருப் பையன்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வா மாரி, வா. சேப்புக் கார்டு பண்டிகைக்கு லீவு போட்டுருச்சு. எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு" என்றான் அய்யப்பன். பையன்கள் சிரித்தார்கள்.

மாரிக்கண்ணன் பொத்தானை அமுக்கினான். விளக்கு ஒரு முறை மினுங்கியது. கார்டின் மூன்று காற்றாடிகளும் அரைச் சுற்றுச் சுற்றின. டக்கென்று எல்லாம் அணைந்தது.

பின்னால் சென்னய்யாவும் சௌந்தரும் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். அவனுக்குப் புரிந்தது 'மாரி', 'கார்டு' என்ற இரண்டு சொற்கள்தான். சென்னய்யாவின் குரல் மேலே போகும்போதெல்லாம் அதில் தன் பேர் வருகிறதா என்று அவன் காது கூர்ந்தது. வந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். பூஜைக்காகத் தூசி தட்டிய சௌந்தர், பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திரும்ப மாட்டியிருக்கவில்லை. மாரிக்கண்ணன் போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தான். கனமான கார்டு, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதன் முதுகில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். தண்ணீராகக் கரைத்து வைத்த சந்தனம், சாய்வாகவே ஒரு கோடு இறங்கி, கரண்டு வயர் சொருகியிருக்கிற வாய்க்குள் போய் முடிந்திருந்தது. வாய்க்குள் இன்னும் ஈரம்.

நிமிர்ந்து பார்த்தான். வாசற்படியில் பொரிகடலைத் தட்டோடு சௌந்தரின் அம்மா சௌடம்மாள் நின்றிருந்தாள். அவள் பார்வையும் கார்டின் மேல்தான் இருந்தது. அவன் பார்ப்பது தெரிந்ததும் தட்டு ஆடியது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வாக்குத் தப்பித்துவிடும். ஆனால் இத்தனை பேருக்கு நடுவில், நல்ல நாளும் அதுவுமாக, அந்த அம்மாவைக் கைகாட்டுவதா? சௌந்தர் முன்கோபக்காரன். சென்னய்யா எப்படி என்பது தெரியாது. தெரியாததுதான் இன்னும் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டாலோ, பழி தன் தலையில். வெளிச்சத்தை இன்னொரு தடவை பெட்டிக்குள் திருப்பினான்.

"என்ன தம்பி, பேச்சக் காணோம்? நீதான பொறுப்புன்ன?" என்றார் சென்னய்யா.

"கொஞ்சம் இருங்கய்யா... பாத்துச் சொல்றேன்."

"இன்னும் என்னத்தடா பாக்க? கார்டு போயிருச்சுன்னு சொல்லு" என்றான் அய்யப்பன்.

அப்போது சௌடம்மாள் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். நாலைந்து சொல்தான் இருக்கும். சென்னய்யா மனைவியைப் பார்த்தார். அய்யப்பனுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, எங்கம்மாவும்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து தன் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். திரையில் மழைத் தெரு காணாமல் போனது.

ஒன்றும் விளங்காத மாரிக்கண்ணன், தன்னைத்தான் அடிக்க வருகிறான் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

சௌடம்மாளே தமிழுக்கு வந்தாள். "நாந்தான் தம்பி பொட்டு வச்சேன். தறிக்கு வைக்கிறோம், நூல் சுத்துற மிசினுக்கு வைக்கிறோம், இதுவும் காத்தாடி சுத்துற மிசினுதான? புள்ள ராப்பகலா இதக் கட்டிக்கிட்டுக் கெடக்கான். இத மட்டும் விட்டா குத்தமாயிரும்ல. எது மொகம்னு தெரியல. மேலாப்புல வச்சேன்."

அய்யப்பனின் பெட்டியைத் திறந்தார்கள். அவன் வீட்டுப் பொட்டு, வயர் வாயிலிருந்து தள்ளி, தகட்டின் நடுவில் காய்ந்து ஒட்டியிருந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே சந்தன மஞ்சள்தான். பொட்டு விழுந்த இடம்தான் வேறு.

"பொழச்சுதாடா?" என்று மாரிக்கண்ணனின் கையைப் பிடித்தான் அய்யப்பன். காலையிலிருந்து எகத்தாளம் பேசிய குரல் இப்போது குழைந்து வந்தது.

"ஒனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இன்னும் தெரியல" என்றான் மாரிக்கண்ணன்.

இரண்டு கார்டுகளும் பாயில் கிடந்தன. அவன் பையிலிருந்து ஸ்பிரிட்டும் சின்ன பிரஷும் எடுத்தான். அய்யப்பன் போன் வெளிச்சம் பிடித்தான். வயர் வாயின் ஒவ்வொரு ஓட்டையிலும் பிரஷை விட்டுத் துடைக்கத் துடைக்க மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. "மெதுவாலே, மெதுவா" என்றான் அய்யப்பன். உள்ளே தண்ணீர் பட்டிருந்தால் கம்பெனி வாரண்டி கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். துடைத்ததை டேபிள் ஃபேனுக்கு முன்னால் காயவைத்துவிட்டு, பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். சௌடம்மாள் மட்டும் படியை விட்டு நகரவில்லை.

மதியச் சாப்பாட்டு வேளை தாண்டித்தான் திரும்பச் சொருகினான். பொத்தானில் விரல் வைத்தான். அமுக்க வரவில்லை. சென்னய்யா அவன் தோளில் கை வைத்தார். அது தைரியம் சொன்ன கையா, கணக்குக் கேட்ட கையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. ஆனால் பையன்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருட்டுத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது என்று அவன் நினைத்த நேரத்தில் சௌடம்மாள், "ஏ, வந்துருச்சு! வந்துருச்சு!" என்று தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

சாயங்காலம் வரை போட்டி நடந்தது. முதல் இரண்டு கேமிலும் சிவப்பு முன்னால் ஓடியது. மூன்றாவதில் அய்யப்பன் ரே ட்ரேசிங்கை முழுசாகப் போட்டுவிட்டான். பச்சை நிதானமாக ஓட, சிவப்பு நொண்டியது. பையன்கள் எல்லாரும் மாரிக்கண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியாலே? இப்ப என்ன சொல்ற?" என்றான் அய்யப்பன்.

மாரிக்கண்ணன் குனிந்து காற்றாடிகளைப் பார்த்தான். மூன்றும் சுற்றிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள்ளிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது.

"தோத்துருச்சு" என்றான். காலையிலிருந்து முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தான். "நல்லாத் தோக்குதுலே. இன்னொரு வாட்டி தோக்கச் சொல்லு, பாப்போம்."