டிரைவர்தான் காரணம்

என் லெப்டொப்பின் சத்தம் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பாடசாலைக்கு ஓடுகிற அவசரத்தில் திரையில் வந்து நின்ற கேள்வியைப் படிக்காமலே 'சரி' என்று அமுக்கிவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் புதிதாக என்னென்னவோ ஏறியிருந்தது. ஸ்பீக்கர் சத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வேறு வாரமாக இருந்தாலும் கலங்கித்தான் இருப்பேன், ஏனென்றால் எல்லா வாரத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறது.

வெள்ளிக்கிழமை அக்கா பேசுவாள். அரபு நாட்டில் ஒரு வீட்டில் அவளுக்கு வேலை. அந்த வீட்டுக்காரர்கள் மதியச் சாப்பாடு முடித்துத் தூங்கும்போது மட்டும் அவள் கைக்குப் போன் வரும். எங்களுக்கு அது பின்னேரம் நாலரை மணி. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீட்டில் ஓர் அறையான எங்கள் லயத்துக் காம்பராவின் ஜன்னலோரம் லெப்டொப்பை வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் உட்காருவோம். ஜன்னலை விட்டு ஓரடி தள்ளினாலும் சிக்னல் போய்விடும். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்கு அக்கா.

அம்மாவுக்குக் காது மந்தம். தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் தூள் சலிக்கும் மெஷின்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவர் அம்மா. அக்காவும் வெளிநாடு போகும்வரை அவர் பக்கத்திலேதான் நின்றாள். என்னை மட்டும், வீட்டுப் பாப்பா என்று, இருவரும் ஸ்டோர் வாசலை மிதிக்க விடவில்லை. நான் படித்து டீச்சராக வேண்டும் என்று முடிவு கட்டினார்கள், ஆனேன். இந்த லெப்டொப்பும் அக்கா வாங்கித் தந்ததுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவின் முகம் வந்தது, குரல் வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இரண்டு வார்த்தை கேட்கும், பிறகு உதடு மட்டும் அசையும். நான் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, சத்தமாகப் பேசு, சத்தமாகப் பேசு என்று கத்தினேன். அக்கா சிரித்தாள். அம்மா பாட்டுக்குத் திரையைப் பார்த்து வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். வெற்றிலை இல்லாதபோதும் மெல்வது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். திடீரென்று, "அரிசி மூட்டைய இழுத்து வச்சியா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல காது உள்ள எனக்கே ஒன்றும் விளங்கவில்லை, இவர் எதைக் கேட்டு என்ன பேசுகிறாரோ என்று. போன் பேசி முடித்ததும் அரிசி மூட்டையைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அந்த வாரம் முழுக்க நான் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டினேன். சத்தத்தின் அளவைக் கூட்டினேன். செட்டிங்ஸுக்குள் போய்த் தெரிந்ததையும் தெரியாததையும் தட்டிப் பார்த்தேன். பழைய பல் துலக்கும் பிரஷால் ஸ்பீக்கர் ஓட்டைகளைத் தேய்த்தேன். கணினியே தன் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டால், நெடுநேரம் யோசித்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்றது. திருடனையே ஊர் விதானையாராக உட்கார்த்தி விசாரிக்கச் சொன்னால் வேறென்ன சொல்வான்? மூடியை அறைந்து சாத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அக்கா சொல்வது சும்மா இல்லை.

என் கைப்போனில் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அதில் பேசலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார், லெப்டொப்பில்தான் அவள் முகம் பெரிதாகத் தெரிகிறதாம். பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வெள்ளியும் அதே கதைதான். அக்காவின் குரல் அறுந்து அறுந்து போனது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. சத்தம் கேட்காத ஏக்கம் என்று நான் அதற்கும் ஸ்பீக்கரைத் திட்டினேன்.

சனிக்கிழமை லெப்டொப்பை இரண்டு ஷொப்பிங் பேக்குகளில் சுற்றி, மழையில் நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்பார்கள். அவர் அதைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார். ஸ்பீக்கரில் குறையே இல்லை, அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள்தான் தகராறு, புதிது பழையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்றார். பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அமுக்க முடியவில்லை. அவர் புதியதை அடியோடு அழித்துவிட்டு, கணினிக் கம்பெனியின் தளத்தில் இருந்து பழையதை இறக்கிப் போட்டார். அது மறுபடியும் தானாக மாறாதபடியும் செய்தார். பிறகு ஏதோ ஒரு பாட்டைப் போட்டார். கடைக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, எதிரே நின்று கத்திச் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் அந்த டிரைவர்தாம்மா காரணம்."

அம்மாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுபோனது.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"கடை நானாதான்."

"டவுனு வரைக்கும் தெரிஞ்சு போச்சா?" என்றார் அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்து, மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

நான் லெப்டொப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவைக்கவும், அவர் எந்த டிரைவரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவும் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்கா வேலை செய்யும் வீட்டில் கார் ஓட்டும் ஒருவன் இருக்கிறான். தமிழ் பேசுகிறவன். அவனுடைய அறை, அக்கா போன் பேசும் சமையலறையின் சுவருக்கு அந்தப் பக்கம். இரவில் வந்து அக்காவின் கதவைத் தட்டுகிறான், தள்ளுகிறான். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அக்கா அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறாள். வீட்டு எஜமானியிடம் ஒருமுறை சொன்னதற்கு, அவளுக்குத்தான் ஏச்சு விழுந்ததாம். ஐந்து மாதமாக இப்படி.

"சத்தமா சொன்னா செவுத்துக்கு அந்தப் பக்கம் அவனுக்கு வெளங்கிரும்ல," என்றார் அம்மா. "அதான் ஸ்டோர்ப் பேச்சுல சொல்றா. பாப்பாகிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா. நீ படிப்பிக்கிறத விட்டுட்டு அலைவியாம்."

ஸ்டோர்ப் பேச்சு என்ற வார்த்தையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். வேலைத்தளத்து வம்பளப்பு என்று நினைத்திருந்தேன். மெஷின் இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே பெண்கள் கத்துவதே இல்லையாம். குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரே நிற்பவள் பார்த்தே படித்துக்கொள்வாள். காது மந்தமான பிறகு அம்மா என்னோடு பேசியதும் பாதி அப்படித்தான், என் வாயைப் பார்த்து. ஐந்து மாதமாக இடையிடையே அக்காவின் குரல் அறுந்ததையெல்லாம் நான் சிக்னல் கோளாறு என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுத் தெரியாத ஒரே ஆள், படித்தவளான நான்.

எனக்கு அம்மா மேல் ஆத்திரம் வந்தது. ஐந்து மாதம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கத்தினேன். யாரிடம் போய்ச் சொல்ல என்று கேட்டார். சுவருக்குப் பின்னால் அவனை வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, சத்தமாகப் பேசு என்று இரண்டு வெள்ளிக்கிழமை கத்தியவள் நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் முறைப்பாட்டைக் கேட்கப் பதுளையில் இருக்கும் அலுவலகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், உங்கள் அக்கா பேசிய ஒலிப்பதிவு ஏதாவது இருக்கிறதா என்றார். அவள் ஒலி இல்லாமல்தான் சொன்னாள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதை அந்த நாட்டுக்கு அனுப்பி விசாரிப்போம், பதில் வர நாளெடுக்கும் என்றார். இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை லெப்டொப் அருமையாக வேலை செய்தது. அங்கே குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. அக்கா எடுத்தவுடன் என்னிடம்தான் பேசினாள்.

"பாப்பா, சத்தம் சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுக்கா. எல்லாம் கேக்குது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அம்மா சொல்லிவிட்டார் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரிப்பு நின்றுபோனது. அப்போது, அவளுக்குப் பின்னால் எங்கோ, செருப்பை இழுத்து இழுத்து யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. முன்பு ஒருநாளும் எனக்குக் கேட்காத சத்தம். பக்கத்தில் வந்து நின்றது. அக்கா தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவள் உதடுகள் குரலில்லாமல் அசையத் தொடங்கின. அம்மா திரையை நோக்கிக் குனிந்தார்.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று விளங்கியது. நான் வாய் ஓயாமல் சத்தமாகப் பேசினேன். பாடசாலைக் கூரை ஒழுகுவதை, பக்கத்துக் காம்பராக்காரர்களின் மாடு கன்று போட்டதை, பஸ்ஸில் இடம் கிடைக்காததை. சுவருக்குப் பின்னால் நின்றவனுக்கு என் குரல் மட்டும் கேட்க வேண்டும். அம்மாவும் அக்காவும் எனக்குப் புரியாத அந்தப் பேச்சைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்குச் சொல்வதற்குச் செய்தி தீர்ந்துபோனது.

"இங்க நல்ல மழைக்கா," என்றேன் உரக்க. "விடவே மாட்டேங்குது."

ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.