அய்யா இறங்கிய இடம்

அந்தப் பாட்டு சைக்கிள் மணியில் தொடங்குகிறது. கணீரென்று இரண்டு முறை மணி, பிறகு காதைப் பிளக்கும் கிட்டாரும் டிரம்ஸும். என் தம்பி மகள் கயல், தன் ராக் குழுவோடு சேர்ந்து என் அய்யாவின் வாழ்க்கையைப் பற்றிக் கட்டிய பாட்டு. தாத்தாவை அவள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்த மணியைச் சேர்த்திருக்க மாட்டாள். உப்புக் காற்றில் துருவேறிய அய்யாவின் மணி "டொக்" என்று ஒருதரம் முனகும், அவ்வளவுதான்.

கடலாடிப் பக்கம் எங்கள் ஊரில், அப்போது கீழத்தெருக்காரர்களான நாங்கள் பெரிய தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. தெருமுனையில் நின்ற மரத்துக்கு எங்களிடையே "எறங்கு வேம்பு" என்றே பெயர். அங்கே இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தெரு முடியும்வரை வண்டியை உருட்டித்தான் போக வேண்டும். விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த அய்யா, இதை எதிர்த்துத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதி எழுதிச் சலித்து, ஒரு நாள் அம்மாவிடம் சொன்னார்: "இனி எழுத ஒண்ணுமில்ல. நாளைக்கி எறங்காமப் போறேன்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் அந்தத் தெருவுக்கு அப்பால் இருந்ததால் வழக்கம்போல் கேரியரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பிள்ளை கூட இருந்தால் கைவைக்க மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. "கெட்டியாப் பிடிச்சுக்க" என்றார். வேம்பு வந்தது. அய்யா பிரேக் பிடிக்கவில்லை. நான் தினமும் போலவே குதித்துவிட்டேன். பயத்தில் அல்ல, வெறும் பழக்கத்தில். முழங்கால் கிழிந்து "அய்யா" என்று அலறினேன். பத்து வீடு தாண்டிவிட்டிருந்தவர், அங்கேயே இறங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வந்தார். என்னைத் தூக்குவதற்குள் பெரிய தெருக்காரர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவர் வலது காலில் இரும்புக் குழாய் இறங்கிய சத்தம் எந்த டிரம்ஸிலும் இல்லாதது.

"ஏன்டி குதிச்ச?" என்று ஆஸ்பத்திரியில் அம்மா என்னை உலுக்கியபோது, கட்டிலில் கிடந்த அய்யா, "அவள வையாத. எறங்கப் பழக்குனது நாமதான" என்றார்.

பிறகு கம்பு ஊன்றியே ஆபீஸ் ஆபீஸாக ஏறி, அந்தத் தெருவில் எல்லாரும் சைக்கிளில் போகும்படி செய்தார். அவரால்தான் மறுபடி பெடல் மிதிக்க முடியவில்லை. நான் குதித்ததை வீட்டில் யாரும் பேசவில்லை. அது இல்லாமலே கதை வளர்ந்து கயலிடம் போய்ச் சேர்ந்தது. "பாட்டுல ஏதும் தப்பா இருக்கா அத்தை?" என்று அவள் கேட்டபோதுகூட, "நல்லாருக்கும்மா" என்று சொல்லித் தப்பித்தேன்.

போன மாதம் ராமநாதபுரத்தில் பாடினாள். "இறங்கலையே, தாத்தன் இறங்கலையே" என்று கூட்டமே குதித்தது. நானும் சேர்ந்து கத்தினேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் என்னை ஊருக்குக் கூட்டிப்போனாள். எறங்கு வேம்பு இப்போது இல்லை. வெட்டிவிட்டுச் சிமெண்ட் சாலை போட்டிருக்கிறார்கள், கீழத்தெருப் பிள்ளைகள் பைக்கில் பறக்கிறார்கள். மரம் நின்ற இடம் வந்ததும் என் கால் தானாகத் தரையைத் தேடி நீண்டது. கயல் பதறிப்போய் பிரேக் போட்டாள்.

"என்ன அத்தை, விழுந்துருவ! இங்கன எறங்கணுமா?"

"நான் குதிச்சது இங்கன" என்றேன். "உங்க தாத்தா எறங்குனது அந்தா, அங்கன."

கயல் எஞ்சினை அணைத்தாள்.