மீட்டரின் நாற்பத்திரண்டு கேள்விகள்

கடையில் வாங்கிய பேட்டரியைக் கடை வாசலிலேயே மீட்டர் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் அவர் நகர்கிறார். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பழகிவிட்டது. தெருவே அவரை ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுகிறது, முதுகுக்குப் பின்னால்.

தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பது. நாற்பத்திரண்டு இடங்களைப் பார்த்து, நாற்பத்திரண்டு டிக் அடிக்காமல் யாரையும் உள்ளே விட மாட்டார். ஐந்தாம் மாடிக்காரர் மூச்சு வாங்க வந்து கத்தினால், “ஏறினா கால் வலிக்கும் சார். விழுந்தா எதுவுமே வலிக்காது” என்பார் சாந்தமாக. அவர் கைபட்ட லிஃப்டில் இதுவரை ஒருவரும் மாட்டிக்கொண்டதில்லை.

மாட்டிக்கொண்டது வீட்டில் மனைவிதான்.

அந்த அம்மா தையல்காரர். கல்யாணத்தின்போது ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளோடு வந்தவர். “தைக்கும்போது கேக்க ஏதாவது வழி பண்ணுங்களேன்” என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டார். மீட்டர் அன்றே முடிவு கட்டிவிட்டார்: வால்வு ஆம்ப்ளிஃபையர். கண்ணாடிக் குழல்கள் தணல் மாதிரி ஒளிர்ந்துகொண்டே பாடுமே, அது. உதிரிகள் பெட்டியில் வரும். வீட்டிலேயே பற்றவைத்துக் கட்டிக்கொள்ளலாம். எந்தக் கிட் என்பது ஒன்றுதான் பாக்கி.

ஒவ்வொரு கிட்டுக்கும் நோட்டில் நாலு பக்கம், நாற்பத்திரண்டு கேள்வி. டிரான்ஸ்ஃபார்மர் இரையுமா? குழல் போனால் மாற்றுக் குழல் கிடைக்குமா? விற்பவருக்குப் போன் போட்டுப் போட்டு, நாற்பதாவது பதில் வருவதற்குள் அந்த மாடலே நின்று போயிருக்கும். மறுபடி புதுப் பக்கம்.

“என்னைக் கட்டிக்க அரை மணி நேரத்துல சரின்னீங்க. ஒரு பெட்டிக்கு இத்தனை வருஷமா?”

“உன்கூட சர்க்யூட் படம் எதுவும் வரலியே, பார்த்துக் குழம்ப!”

நடுவில் மகள் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். “அம்மா இதுல கேக்கட்டும்ப்பா. நீங்க நிதானமா கட்டுங்க.” மீட்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இந்த மாதிரி டப்பாவுல கேட்டா காதுதான் கெடும்” என்று அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

போன மாதம் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது அந்த அம்மாவின் வலது காதையும் கொண்டுபோய்விட்டது. மருத்துவர் நரம்பு என்றார், திரும்பாது என்றார். இவர் மட்டும் விடாமல், “கொஞ்சங்கூட வராதா டாக்டர்? ஒரு பத்து சதவீதம்?” என்று நின்றார். மனைவிதான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். “விடுங்க. இனிமே நீங்க சொல்றதுல பாதிதான் கேக்கும். எனக்கு லாபம்.” வழியெல்லாம் அந்த அம்மா ஒருவர்தான் சிரித்தார்.

மறுநாள் விற்பவருக்கு மீட்டரிடமிருந்து போன் போனது.

“சொல்லுங்க சார். டூ சேனல்தானே, என்ன சந்தேகம்?”

“ஒரே சேனல் கிட் இருக்கா?”

“அது கத்துக்கறவங்க கட்டறது சார். இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு கேக்காது. உங்களுக்கெல்லாம் அது...”

“இருக்கா?”

“இருக்கு. ஆனா டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம்...”

“பரவால்ல. அனுப்புங்க.”

போனை வைத்துவிட்டுத் தையல் மிஷின் பக்கம் வந்தார். “ஆர்டர் போட்டுட்டேன்” என்றார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை சொன்னார். அந்த அம்மா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மீட்டர் மிஷினைச் சுற்றி இடது பக்கம் போனார். அங்கே இருந்த ஸ்டூலில் வெட்டிய துணிகள் குவிந்து கிடந்தன. ஒன்றும் கலையாமல் அப்படியே தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.