மேனேஜருக்கு வந்த இருமல்

1930களின் கடைசியில் தேனியில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஒரு ஜின்னிங் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதே அங்கே ஜன்னல்கள் எல்லாம் பலகை அடித்து மூடியிருந்தன. ஆடிக் காற்றில் பஞ்சு பறந்து வீணாகிறது என்று மேனேஜர் செய்த ஏற்பாடு. ஆடி போய்த் தை வந்தும் பலகைகள் அசையவில்லை. பறக்க வழியில்லாத பஞ்சுத் தூசி எங்கே போகும்? எங்கள் மூக்குக்குள் போயிற்று. சாயங்காலம் வெளியே வரும்போது முப்பது பெண்களுக்கும் புருவம் நரைத்திருக்கும். ஒருத்தியை ஒருத்தி கிழவி என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொள்வோம்.

மேனேஜரின் அறை தனியாக, மேற்குப் பார்த்து இருந்தது. அதற்கு இரண்டு ஜன்னல். இரண்டும் திறந்தே கிடக்கும். இருமலுக்கு மருந்து என்று சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். கொடுக்கும்போது முகத்தில் தர்மப்பிரபுவின் களை வந்துவிடும்.

பக்கத்து ஜின் மெஷினில் பருத்தி போட்டவள் என் சேக்காளி. புருஷன் ஏல மலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இரண்டு பிள்ளைகளுக்கும் இவள் கூலிதான் சோறு. இவள் இருமல் ஒரு தினுசானது. ஞாயிற்றுக்கிழமை லீவில் அடங்கும்; திங்கட்கிழமை மெஷின் முன்னால் நின்றதும் நெஞ்சை அடைத்துக்கொண்டு கிளம்பும்.

"லீவு விட்டா கண்டதையும் தின்னுட்டு வந்துர்ற" என்பார் மேனேஜர். ஒரு நாள் அதையும் தாண்டிவிட்டார். "இது காசம் மாதிரி இருக்கு. மத்தவகளுக்கு ஒட்டிக்கிரும். இந்த மாசத்தோட நின்னுக்க."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. இருமல் விட்டால்தானே பேசுவதற்கு. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே புது ஜின் ஒன்று வந்து இறங்கியது. புது மெஷினுக்குப் பூஜை போட்டால், முதல் பேல், அதாவது முதல் பஞ்சுப் பொதி, கட்டி முடிகிறவரை மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்து அந்தப் பேலுக்குக் குங்குமம் வைக்க வேண்டும் என்பது முதலாளி வீட்டு வழக்கம். இவர் விவரமானவர். வெள்ளிக்கிழமை காலையில் நாற்காலியை வாசற்படியை ஒட்டிக் காற்றோட்டமாகப் போடச் சொன்னார். நான் தேங்காய்த் தட்டோடு பக்கத்தில் போனேன்.

"ஐயா, நிலைவாசல மறிச்சு உக்காந்துக்கிட்டா லட்சுமி எப்படிய்யா உள்ள வருவா?"

நான் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலில் பூசை பார்க்கிற வேதக்காரி. லட்சுமி எந்த வழியாக வருவாள் என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. நாற்காலி உள்ளே வந்து மெஷினுக்கு மூன்று முழம் தள்ளி நின்றது. நானும் அவசரப்படாமல் பருத்தி போட்டேன். பேல் கட்ட மத்தியானம் ஆயிற்று. அதற்குள் மனிதருக்கு மீசை வெளுத்துக் கண் சிவந்துவிட்டது. குங்குமம் வைக்கக் கையை நீட்டினார். நீட்டிய நேரத்தில் வந்த இருமலில் அது பேலுக்குப் போகாமல் என் சேலையில் கொட்டியது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதையெல்லாம் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் அவர் வரவில்லை. அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிற அக்கா செய்தி கொண்டுவந்தாள்.

"நேத்துலருந்து இருமிக்கிட்டே இருக்காக. வீட்டம்மா காசம்னு பயந்து தட்டு, தம்ளரு எல்லாத்தையும் தனியா வச்சுட்டாக. படுக்கை இப்ப மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்துல."

மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

திங்கட்கிழமை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். தன் அறைக்குப் போகாமல் நேரே என் சேக்காளியிடம் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஏத்தா, இந்த இருமல் எத்தனை நாளைக்கு இருக்கும்?"

அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. பரிவாகவே சொன்னாள்.

"இங்கன வராம இருந்தா நாலே நாள்ல போயிரும்யா."

"உனக்குப் போகலியே?"

"நாந்தான் தினமும் வாறேனே."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தயாராக நின்றவள் நான். சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. மேனேஜர் பலகை அடித்த ஜன்னல் பக்கம் பார்த்தார். மத்தியானமே ஆசாரி வந்து பலகைகளைப் பிடுங்கினார். அவளை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்ன பேச்சை மேனேஜரும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் திங்கட்கிழமைகளில் அவள் இருமத்தான் செய்தாள். வேலையில் இருந்துகொண்டு இருமினாள்.