உருகுவேக்குப் போன மீசை

பாரிஸ் லா சப்பல் மரக்கறிக் கடையில் வேலை பார்க்கும் பரமலிங்கத்துக்கு உருகுவே உதைபந்தாட்டம் தலைகீழ்ப் பாடமாம். "அவங்கடை சட்டையிலை நாலு நட்சத்திரம், எண்டால் நாலு உலகக் கிண்ணம்!" என்று சலூனில் அளப்பார். 2018 காலிறுதியில் அவர்கள் பிரான்சிடம் தோற்றால், கல்யாணத்துக்கு முன்பே வளர்த்த மீசையை எடுப்பதாகச் சபதமும் போட்டார். உருகுவே இரண்டு கோலில் கவிழ்ந்தது.

சலூன்கார சஞ்சீவன் கத்தியோடு இளித்தான்.

"அண்ணை, கிண்ணம் ரெண்டுதான். மற்ற ரெண்டும் ஒலிம்பிக். அதிலை ஒண்டு இஞ்சை பாரிசிலைதான் வெண்டவங்கள்."

"பேரே உருகுவே. உருகும் எண்டு எனக்கெல்லோ விளங்கியிருக்கோணும்! வழிச்சு எடு தம்பி."

வெறும் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி கையை விலக்கிப் பார்த்தாள்.

"இஞ்சரப்பா, நல்ல வடிவாயெல்லோ இருக்கிறியள்! அவங்கள் முந்தியே தோத்திருக்கலாம்."